கடலில்லாத ஊர்களும் கடலின் நுண்ணுயிர்களும்

ராஜபாளையம் சந்தைக்குச் சாளை மீன் வந்து சேர்வதற்குள் கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டராவது பயணம் செய்திருக்கும். பிள்ளை உண்டாகியிருக்கும் பெண் உள்ள வீடுகளில் அதை விரும்பி வாங்குவார்கள். விலை கட்டுப்படியாகும், சத்தும் அதிகம். மருத்துவர்கள் சத்து என்று குறிப்பாகச் சொல்வது அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களை, அதிலும் டிஎச்ஏ, இபிஏ என்ற இரண்டை. இந்த இரண்டையும் சாளை பெரும்பாலும் தானாகத் தயாரிப்பதில்லை. தின்ற இரையிலிருந்து சேர்த்து வைத்துக்கொள்கிறது.

அந்த இரை, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர்கள். சாளை விரும்பித் தின்பது டயாட்டம் என்னும் நுண்பாசியை. டயாட்டத்தில் இபிஏ நிறைய உண்டு. டைனோஃபிளாஜெல்லேட் என்ற இன்னொரு கூட்டத்தில் டிஎச்ஏ அதிகம். இவற்றைச் சின்னஞ்சிறு மிதவை உயிர்கள் தின்னும், அவற்றைச் சாளையும் நெத்திலியும் தின்னும், அவற்றைச் சீலாவும் சூரையும் தின்னும். கொழுப்பு கைமாறிக் கைமாறி நம் குழம்புச் சட்டிக்கு வருகிறது.

ஊற்று நுண்ணுயிர்தான் என்று தெரிந்த பிறகு அடுத்த கேள்வி தானாக எழும்: மீன் பிடிக்காமல், கடலுக்கே போகாமல், அந்த நுண்ணுயிரையே தொட்டியில் வளர்த்து எண்ணெய் எடுத்தால் என்ன? எடுக்கிறார்கள். கால் நூற்றாண்டாக அது பெரிய தொழிலாக நடக்கிறது. அதே உயிர்களும் கடலின் மற்ற நுண்ணுயிர்களும் சுரக்கும் நொதிகள், அதாவது என்சைம்கள், ராஜபாளையம் வட்டாரத்தின் துணித்தொழிலுக்கு நேரடியாகத் தேவைப்படக் கூடியவை. கடல் நுண்ணுயிர் கடற்கரைக்காரர்களின் விஷயம் என்று நாம் ஒதுக்கி வைத்திருப்பது சரியில்லை என்பதே என் எண்ணம்.

முதலில் கொழுப்பு. ராஜபாளையத்துக்குப் பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் மணத்துக்கும் வழுவழுப்புக்கும் பால்கொழுப்பு ஒரு முக்கியக் காரணம். பால்கொழுப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள். நிறைவுற்றது என்றால், கார்பன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு ஒன்றுகூட இல்லாமல் நேராக நீண்டிருப்பது. பாலில் உள்ள பியூட்ரிக் அமிலத்தில் நான்கே கார்பன்கள். டிஎச்ஏ இதற்கு நேர் எதிர்: 22 கார்பன்கள், ஆறு இரட்டைப் பிணைப்புகள். இபிஏவில் 20 கார்பன்கள், ஐந்து இரட்டைப் பிணைப்புகள். ஒவ்வோர் இரட்டைப் பிணைப்பும் சங்கிலியில் ஒரு வளைவு. நேரான விறகுகளை நெருக்கிக் கட்டலாம். கோணல்மாணலான சுள்ளிகளை எப்படிக் கட்டினாலும் இடைவெளி இருக்கும். மார்கழியில் நெய் உறைவதும் மீன் எண்ணெய் உறையாமல் கிடப்பதும் இதனால்தான்.

கடல் உயிர்களுக்கு இந்த வளைவு வாழ்வா சாவா என்ற விஷயம். ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு இருக்கிறது. குளிர் கூடினால் அது இறுகும்; இறுகினால் உள்ளே வருவதும் வெளியே போவதும் நின்றுவிடும். ஆழ்கடலில் குளிரோடு நீரின் அழுத்தமும் சேர்ந்து சவ்வை நெருக்குகிறது. அங்கே வாழும் ஷிவனெல்லா, மோரிடெல்லா போன்ற பாக்டீரியாக்களில் சில இபிஏவையும் டிஎச்ஏவையும் தாங்களே செய்து சவ்வில் வைத்துக்கொள்கின்றன. பாக்டீரியாக்களால் இவ்வளவு நீண்ட, இவ்வளவு வளைந்த கொழுப்பைச் செய்ய முடியாது என்றே ஒரு காலம் வரை நம்பியிருந்தார்கள். 1980-களில் ஆழ்கடல் மாதிரிகளை ஆராய்ந்தபோது அந்த நம்பிக்கை முழுதாக உடைந்தது.

நமக்கு இது எதற்கு? கண்ணின் விழித்திரையிலும் மூளையின் சாம்பல் பகுதியிலும் டிஎச்ஏ செறிந்திருக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் குழந்தையின் மூளை தாயிடமிருந்து இதை வேகமாக இழுத்துக்கொள்கிறது. ஆளி விதையிலும் கடுகு எண்ணெயிலும் ஒமேகா-3 உண்டு, உண்மைதான். ஆனால் அது 18 கார்பன் கொண்ட சிறிய வகை. அதை நம் உடம்பு டிஎச்ஏவாக நீட்டிக்கொள்ள முடியும் என்றாலும் அப்படி மாறுவது மிகச் சிறு பங்குதான். பசும்பாலில் டிஎச்ஏ இருப்பது பெயரளவுக்கே. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இபிஏ, டிஎச்ஏ இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குக் குறைந்தது 300 மில்லிகிராம் பெற வேண்டும், அதில் 200 மில்லிகிராமாவது டிஎச்ஏவாக இருக்க வேண்டும் என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வல்லுநர் குழு பரிந்துரைத்திருக்கிறது.

இதனால் பலன் உண்டா என்பதற்கு ஓரளவு உறுதியான சான்று 2018-ல் வந்தது. கர்ப்பிணிகளிடம் நடந்த 70 சோதனைகளைக் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. மொத்தம் ஏறக்குறைய 20,000 பெண்கள். ஒமேகா-3 எடுத்துக்கொள்ளாதவர்களில் 13.4 சதவீதம் பேருக்குக் குறைப்பிரசவம், எடுத்துக்கொண்டவர்களில் 11.9 சதவீதம். 34 வாரத்துக்கு முன்பே நேரும் பிரசவம் 4.6 சதவீதத்திலிருந்து 2.7 சதவீதமாகக் குறைந்தது. இதயநோயைத் தடுக்கும், குழந்தையை மேதையாக்கும் என்ற விளம்பரங்களுக்குப் பின்னால் இவ்வளவு வலுவான சான்று இல்லை. வாரம் ஓரிரு முறை சாளைக் குழம்பு வைக்கிற வீட்டுக்கு மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் மீனே நுழையாத வீடுகள் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எத்தனையோ உண்டு. பெருமாள் கோயில் தெருவில் பிறந்து வளர்ந்த பெண்ணிடம் மீன் சாப்பிடு என்று சொல்வதில் பயனில்லை. அவருக்குத்தான் நுண்ணுயிர் எண்ணெய் முக்கியமாகிறது. எவ்வளவு, எப்போது என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர் சொல்ல வேண்டும்.

அந்த எண்ணெயைத் தருகிற உயிர்களில் முதன்மையானது ஸ்கிசோகைட்ரியம். திராஸ்டோகைட்ரிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்தின் முதல் உறுப்பினரை 1936-ல் ஸ்பாரோ என்ற அமெரிக்க அறிஞர் விவரித்தபோது பூஞ்சை என்றே நினைத்தார்கள். கடையில் விற்கும் குப்பியில் பாசி எண்ணெய் என்று போட்டிருக்கும். உண்மையில் இந்த உயிர் பூஞ்சையும் இல்லை, வெயிலில் உணவு தயாரிக்கும் பாசியும் இல்லை. டயாட்டத்துக்கும் பழுப்புக் கடற்பாசிக்கும் தூரத்து உறவு. பச்சையம் கிடையாது. அழுகும் இலைதழைகளைத் தின்று வாழ்கிறது.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உப்புநீரில் விழுந்த இலை சில நாட்களில் நிறம் மாறும், கொழகொழக்கும். இப்படி உதிர்ந்த இலைகளில் குடியேறும் உயிர்களில் திராஸ்டோகைட்ரிட்களும் உண்டு. அவற்றைப் பிடிப்பதற்கு ஆய்வாளர்கள் கையாளும் வழி அழகானது. இலைத்துண்டைக் கடல்நீரில் போட்டு, பாக்டீரியாவை அடக்கும் மருந்தைக் கலந்து, மேலே பைன் மர மகரந்தத்தைத் தூவுவார்கள். மகரந்தம் இவற்றுக்குப் பிடித்த இரை. சில நாட்களில் மகரந்தத் துகளின் மேல் உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்டிருப்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். அந்தத் துகளை எடுத்துத் தனியாக வளர்க்க வேண்டியதுதான். கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தில் சேஷகிரி ரகுகுமார் பல்லாண்டுகள் இந்த உயிர்களின் பின்னால் போனவர். உலகெங்கும் இத்துறையில் நுழைபவர்கள் படிக்கும் கட்டுரைகளில் அவருடையவை முக்கியமானவை.

இந்த உயிர் தன் செல்லிலிருந்து வேர்போல மெல்லிய இழை வலையை வெளியே நீட்டுகிறது. அந்த வலை இலைக்குள் புகுந்து நொதிகளைச் சுரக்கிறது: கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ், புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ், சில வகைகளில் மாவுச்சத்தையும் செல்லுலோசையும் உடைக்கும் நொதிகள். உடைத்ததை உறிஞ்சி டிஎச்ஏவாகச் சேர்த்து வைக்கிறது. கொழுப்பும் நொதியும் தனித்தனிப் பாடமாகக் கல்லூரியில் சொல்லித்தரப்படுகின்றன. இங்கே இரண்டும் ஒரே உயிரின் பிழைப்பு.

தொட்டியில் வளர்ப்பது எளிதாக இருக்கவில்லை. கடல்நீர் வேண்டும், ஆனால் கடல்நீரில் உள்ள குளோரைடு எஃகுத் தொட்டியை அரித்துவிடும். அமெரிக்காவின் வில்லியம் பார்க்ளே, குளோரைடு குறைந்த நீரிலும் வளரும் ஸ்கிசோகைட்ரியம் வகைகளைத் தேடிப் பிடித்தார். சாதா உப்புக்குப் பதிலாகச் சோடியம் சல்பேட்டைப் போட்டு வளர்த்தார். அதே சோடியம் சல்பேட் நம் சாயப்பட்டறைகளிலும் மூட்டை மூட்டையாகப் புழங்குகிறது என்பதை இந்தத் தொழில் தெரிந்தவர்கள் உடனே கவனிப்பார்கள். வெளிச்சம் தேவையில்லை. சர்க்கரையும் நைட்ரஜன் சத்தும் காற்றும் கொடுத்தால் போதும், செல்கள் சில நாட்களில் பெருகும். பெருகியதும் நைட்ரஜனை நிறுத்துவார்கள். நைட்ரஜன் இல்லாவிட்டால் புரதம் செய்ய முடியாது, புதுச் செல் உண்டாகாது. உள்ளே வரும் சர்க்கரை எல்லாம் எண்ணெயாகத் திரளும். உலர் எடையில் பாதிக்கு மேல் எண்ணெயாவதும் உண்டு. பிறகு செல் சுவரை உடைத்து எண்ணெயைப் பிரிக்க வேண்டும். அந்த வேலைக்கும் புரோட்டியேஸ் நொதியைப் பயன்படுத்துகிறார்கள்.

குழந்தை உணவில் இது நுழைந்த கதைக்கு விண்வெளியோடு சம்பந்தம் உண்டு. நீண்ட விண்வெளிப் பயணத்தில் பாசியை உணவாக்கலாமா என்று ஆராய்ந்தவர்கள் 1985-ல் தொடங்கிய நிறுவனம் மார்டெக். கிரிப்தகோடினியம் என்ற கடல் டைனோஃபிளாஜெல்லேட்டிலிருந்து அவர்கள் எடுத்த டிஎச்ஏ எண்ணெயைக் குழந்தைப் பால்மாவில் சேர்க்க 2001-ல் அமெரிக்காவில் வழி திறந்தது. பார்க்ளேயின் நிறுவனத்தை 2002-ல் மார்டெக் வாங்கியது. மார்டெக்கை 2011-ல் டிஎஸ்எம் என்ற பெருநிறுவனம் வாங்கியது. இன்று நம் ஊர் மருந்துக்கடையில் இருக்கும் பால்மா டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் டிஎச்ஏ என்று அச்சிட்டிருக்கும்.

ஸ்பைருலினாவை வாங்கிச் சாப்பிட்டால் டிஎச்ஏ கிடைக்கும் என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூர் உட்படப் பல இடங்களில் ஸ்பைருலினா நன்றாகவே வளர்க்கப்படுகிறது. அதில் புரதம் உண்டு, காமா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா-6 உண்டு. டிஎச்ஏ கிடையாது என்றே கொள்ளலாம். குப்பியின் மேல் டிஎச்ஏ இத்தனை மில்லிகிராம் என்று எண்ணோடு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒமேகா-3 என்று பொதுவாக மட்டும் போட்டிருந்தால் அது ஆளி விதை எண்ணெயாகவும் இருக்கலாம்.

இந்தத் தொழிலை நான் ஆதரிப்பதற்குச் சைவர்கள் மட்டும் காரணமில்லை. உலக மீன் எண்ணெயில் கணிசமான பங்கு பெரு நாட்டுக் கடலின் நெத்திலி இனத்திலிருந்து வருகிறது. 2023-ல் எல் நினோவால் கடல் சூடாகி, குஞ்சு மீன்களே அதிகம் தென்பட்டதால் அந்த நாடு முதல் பருவ மீன்பிடிப்பையே ரத்து செய்தது. வளர்ப்பு மீனுக்கும் இறாலுக்கும் தீனியாகக் கடலில் பிடித்த மீனை அரைத்துக் கொட்டுகிற வழக்கம் எத்தனை காலம் தாங்கும்? ஊற்றிலிருந்தே எடுத்துக்கொள்ள முடியும்போது நடுவில் இருக்கிற மீனை விட்டுவைக்கலாம்.

இனி நொதி. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் தறிச் சத்தம் கேட்காத தெரு அரிது. அங்கே நெய்யும் பேண்டேஜ் துணி நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. நெய்வதற்கு முன் பாவு நூல் அறுந்து போகாமல் இருக்கக் கஞ்சி போடுவார்கள். தறியிலிருந்து இறங்கும் காடாத்துணி அப்படியே புண்ணில் கட்ட உதவாது. கஞ்சி இருக்கிறது, பஞ்சுக்கே உரிய மெழுகும் பெக்டினும் இருக்கின்றன. அவை தண்ணீரை உள்ளே விடா. மருத்துவப் பஞ்சைத் தண்ணீரில் போட்டால் பத்து வினாடிக்குள் மூழ்க வேண்டும் என்பது மருந்தியல் தர விதி. அதற்காகக் காஸ்டிக் சோடாவில் கொதிக்க வைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து, பலமுறை அலசுகிறார்கள். விறகு, தண்ணீர், காரக் கழிவு எல்லாம் இதில்தான் அதிகம்.

இந்த ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி உண்டு. கஞ்சியை அமைலேஸ் கரைக்கும். பெக்டினைப் பெக்டினேஸ் கரைக்கும். பெக்டின் போனால் அது பிடித்துக்கொண்டிருக்கும் மெழுகும் தளர்ந்துவிடும், கொதிநிலை வரை போக வேண்டாம். வெளுத்த பிறகு துணியில் தங்கிய பெராக்சைடைக் கேட்டலேஸ் நொடியில் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும். இந்த நொதிகளில் பல இப்போதே ஆலைகளில் பயன்படுகின்றன. அவை பெரும்பாலும் மண்ணில் வாழும் பாக்டீரியா, பூஞ்சைகளிலிருந்து வந்தவை. அப்படியிருக்கக் கடலுக்கு ஏன் போக வேண்டும்?

உப்புக்காகப் போக வேண்டும். பருத்தி நூல் தண்ணீரில் எதிர்மின் தன்மை பெறுகிறது. ரியாக்டிவ் சாயமும் எதிர்மின் தன்மை உள்ளதே. ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கத்தான் சாயத் தொட்டியில் லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்புப் போடுகிறார்கள். கடல்நீரில் உள்ள உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராம். ஆக, சாயப்பட்டறைத் தொட்டி கடலைப் போலவோ அதைவிடவோ உப்பாக இருக்கிறது, அதோடு காரமாகவும் இருக்கிறது. மண்ணிலிருந்து வந்த சாதாரண நொதிகளில் பல இவ்வளவு உப்பில் வேலையைக் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். தலைமுறை தலைமுறையாக உப்பிலேயே வாழ்ந்த உயிரின் நொதிக்கு அது சொந்த வீடு.

காரணம் நொதியின் மேற்பரப்பில் இருக்கிறது. உப்பு அதிகமானால் அது புரதத்தைச் சுற்றியுள்ள தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். தண்ணீர் இழந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிந்து போகும். உப்பு விரும்பி உயிர்களின் புரதங்களில் மேற்பரப்பு முழுக்க அமிலத் தன்மையுள்ள அமினோ அமிலங்கள் நிறைந்திருக்கின்றன. அவை தண்ணீரை விடாமல் பிடித்து வைக்கின்றன. தூத்துக்குடி உப்பளங்களில் நீர் வற்ற வற்றச் செந்நிறமாவதைப் பார்த்தவர்கள் இந்த உயிர்களைப் பார்த்தவர்கள்தான். டுனாலியெல்லா சலினா என்ற நுண்பாசியும் ஆர்க்கியா எனப்படும் உப்பு விரும்பி நுண்ணுயிர்களும் சேர்ந்து தருகிற நிறம் அது. டுனாலியெல்லா தன் உலர் எடையில் பத்து சதவீதம் வரை பீட்டா கரோட்டினைச் சேர்த்து வைக்கக்கூடியது. ராஜபாளையத்திலிருந்து அரை நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் இப்படியொரு நொதிச் சுரங்கம் இருக்கிறது.

சாயக் கழிவில் இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தில் சந்திரலதா ரகுகுமாரும் அவருடைய குழுவினரும் அழுகிய சுரபுன்னைக் கட்டையிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தார்கள். மரத்தின் லிக்னினை உடைக்க அது லாக்கேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. லிக்னினும் சாய மூலக்கூறும் வளையங்கள் கோத்த அமைப்பு உள்ளவை என்பதால் அதே நொதி சாயத்தையும் உடைக்கிறது. 2006-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், வண்ணக் கழிவுநீரைச் சேர்த்தபோது பூஞ்சை லாக்கேஸைக் குறைக்காமல் இன்னும் அதிகமாகவே சுரந்தது. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் எம். சந்திரசேகரன் கடல் நுண்ணுயிர் நொதிகளைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1997-லேயே இந்திய நிலவரத்தைத் தொகுத்து எழுதினார்.

அப்படியானால் ஏன் இன்னும் பட்டறைக்கு வரவில்லை என்று கேட்கலாம். குடுவையில் நூறு மில்லிலிட்டரில் நடப்பது நாளொன்றுக்கு லட்சக்கணக்கான லிட்டர் கழிவில் நடக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் சாயம் மாறும், உப்பின் அளவு மாறும். நொதியின் விலை ரசாயனத்தின் விலையோடு போட்டி போட வேண்டும். இவை மூன்றும் மெய்யான தடைகள். ஆனால் கழிவைக் கண்டுகொள்ளாமல் விடுவதன் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சாயக் கழிவால் நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு அன்று நின்றது. உப்பைத் தாங்கும் நொதியை அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே தேடத் தொடங்கியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

கடல் நொதி வணிகத்தில் முழுதாக வென்ற இடம் ஒன்று உண்டு: மரபணு ஆய்வுக்கூடம். இத்தாலியின் வுல்கானோ தீவருகே சூடான கடலடி மணலிலிருந்து எடுத்த பைரோகாக்கஸ் ஃபுரியோசஸ் என்ற உயிர் 1986-ல் விவரிக்கப்பட்டது. தண்ணீர் கொதிக்கும் சூட்டில் வாழ்வது அது. டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் அதன் நொதி, எழுதும்போதே பிழையைக் கண்டு திருத்தும் ஆற்றல் உள்ளது. பிழையில்லாத பிரதி வேண்டும் என்கிற ஆய்வாளர்கள் இன்றும் அதை வாங்குகிறார்கள்.

இந்தத் தேடலை நம் வட்டாரத்திலும் தொடங்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே உயிரித்தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பக்கம் சத்திரப்பட்டித் தறிகள், மறுபக்கம் தூத்துக்குடி உப்பளம், நடுவில் அவர்கள். உப்பள நீரை எடுத்து வந்து, தட்டில் மாவுச்சத்துக் கலந்த உப்புக் கூழில் பரப்பி, முளைத்த கூட்டங்களின் மேல் அயோடின் ஊற்றினால், கஞ்சியைக் கரைக்கும் உயிரைச் சுற்றி வெளுத்த வட்டம் தெரியும். சாதாரணக் கல்லூரி ஆய்வகத்தில் செய்யக்கூடிய சோதனை இது. அந்த உயிரின் அமைலேஸைக் காடாத்துணியில் போட்டுப் பார்க்க ஒரு வாளியும் வெந்நீரும் போதும். நல்ல வகை கிடைத்தால் சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் அதை ஒப்படைத்துப் பாதுகாக்கலாம்.

அப்படிக் கிடைக்கும் உயிர் யாருக்குச் சொந்தம் என்பதற்கும் சட்டம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி, வெளிநாட்டு நிறுவனம் நம் உப்பளத்து நுண்ணுயிரை எடுத்துப் பயன்படுத்த வேண்டுமானால் சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையத்திடம் முன் அனுமதி பெற வேண்டும், வரும் பயனில் பங்கும் தர வேண்டும். பங்கு கேட்பதற்கு முதலில் அந்த உயிர் இங்கே இருக்கிறது என்று நாம் அடையாளம் கண்டு எழுதி வைத்திருக்க வேண்டும்.